அத்தியாயம் 7: அறுபது நொடியில் என்ன சொல்வது?

மணி அடித்து உங்கள் பையன் மூலைக்கு வந்து சேரவே நாலைந்து நொடி போய்விடும். ஸ்டூலில் உட்கார வைத்து, மவுத் கார்டை உருவி, வாயைக் கொப்பளிக்க வைத்து, முகத்தைத் துடைத்து, மூக்கில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் இன்னொரு இருபது நொடி. அந்த நேரத்தில் அவன் காதில் எதுவும் ஏறாது. மூச்சு வாங்குவதுதான் அவனுக்கு ஒரே வேலை. கடைசிப் பத்து நொடியில் ‘செகண்ட்ஸ் அவுட்’ என்று குரல் வந்துவிடும். நீங்கள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இறங்கியாக வேண்டும். 3 நிமிடச் சுற்று மூன்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. பெரியவர்கள் ஆடும் அமெச்சூர் போட்டியின் கணக்கு இது. அந்த ஒரு நிமிடத்தில் பேச மிஞ்சுவது இருபது, இருபத்தைந்து நொடி. ஓய்வு இரண்டு தடவைதான் வரும். போட்டி முழுக்க உங்களுக்குக் கிடைக்கிற பேச்சு நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

இவ்வளவு கணக்கு எதற்கு என்றால், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் போட்டி பார்க்கப் போனால், மூலையில் நிற்கிறவர் அந்த இருபது நொடியில் ஒரு பாடப்புத்தகத்தையே இறக்கிவைப்பதைக் கேட்கலாம். “கைய தூக்கு, கால மாத்து, அவன் லெஃப்ட் வந்தா ஸ்லிப் பண்ணு, பாடில அடி, மூச்ச வுடு, கயித்துல சாயாத, போன ஃபைட்ல இன்னா சொன்னேன் உனக்கு?” ஆறு கட்டளை, போதாததற்கு ஒரு கேள்வி. பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். மணி அடித்ததும் எழுந்துபோய், போன சுற்றில் செய்ததையே திரும்பச் செய்வான். மாஸ்டருக்குக் கோபம் வரும்: “சொன்னா கேக்கறானா பாரு!” கேட்கத்தான் செய்தான். ஆறில் எதைப் பிடித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு தடவைக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். அது அவன் அடுத்த நொடியே செய்யக்கூடியதாக இருக்கட்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மூலையில் நிற்கும்போது மட்டும் என்று நினைக்க வேண்டாம்; பேட் பிடிக்கும்போதும், பேக் அடிக்க விட்டுப் பக்கத்தில் நிற்கும்போதும் இதேதான்.

எந்த ஒன்று?

கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. பத்துக் குறையைச் சொல்வது சுலபம். ரிங்கைச் சுற்றி நிற்கிற யாரும் சொல்வார்கள். ஒன்பதை விட்டுவிட்டு ஒன்றை எடுப்பதற்குத்தான் வாத்தியார் வேண்டும்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். காசிமேட்டுப் பக்கம், பதினாறு வயது, வலக்கைக்காரன். ஜாப் விடுகிறபோதெல்லாம் வலது கை தாடையை விட்டு இறங்கி மார்புக்கு வந்துவிடுகிறது. எதிராளி அதைப் பார்த்துவிட்டான். இவன் இடது கை நீளும் அதே நேரத்தில் அவன் இடது ஹூக்கை இவன் வலது கன்னத்தில் வைக்கிறான். ஒரே சுற்றில் இரண்டு வாங்கியாயிற்று. முன்கால் முழங்காலில் மடங்காமல் விறைத்திருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு அடிக்கிறான். அடித்த பிறகு அதே இடத்தில் நிற்கிறான். நாலு குறையும் உண்மைதான்.

அன்றைக்கு மூன்றை மறந்துவிடுங்கள். எந்தக் குறையால் அடி விழுகிறதோ அதுதான் முதல். இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் “கைய தூக்கு” என்று கத்தினால் வேலை நடக்காது. எந்தக் கையை? எதுவரைக்கும்? எப்போது? பையனுக்குத் தெரிந்த ஒரே பதில் இரண்டு கையையும் நெற்றிவரை தூக்கிக்கொண்டு ஒளிந்துகொள்வது. ஜாப் நின்றுபோகும். எதிராளி விலாவில் இறங்குவான். சொன்னது சரி, விளைந்தது தப்பு.

இதே விஷயத்தை “ஜாப் வுடும்போது போன் பேசு” என்று சொல்லிப் பாருங்கள். வலது முட்டி கன்னத்தில், காதுக்கு முன்னால், போனைப் பிடித்ததுபோல ஒட்டியிருக்க வேண்டும். எந்தக் கை, எந்த இடம், எந்த நேரம், மூன்றும் அதில் இருக்கிறது. பேட் பிடிக்கும்போது அவன் ஜாப் வந்ததும், உங்கள் இடது பேடை அவன் வலது கன்னத்துக்குச் சும்மா தட்டுகிற வேகத்தில் கொண்டுபோங்கள். கை அங்கே இருந்தால் பேட் கையுறையில் படும். இல்லையென்றால் கன்னத்தில் படும். திட்ட வேண்டாம், விளக்க வேண்டாம். பேடே சொல்லிவிடும். தொடர்ந்து சில வாரம் இதைச் செய்த பையனுக்கு, போட்டியன்று மூலையில் “போன், தம்பி” என்றாலே போதும்.

பலர் தவறவிடுவது இதைத்தான். மூலையில் பாடம் நடத்த முடியாது, ஞாபகப்படுத்தத்தான் முடியும். இரண்டு வார்த்தையில் வேலை நடக்கிறது என்றால், அந்த இரண்டு வார்த்தைக்கு மாதக்கணக்கில் கூடத்தில் உழைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கூடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததைப் போட்டியன்று முதல்முறையாகச் சொல்லாதீர்கள். எவ்வளவு அருமையான யோசனையாக இருந்தாலும் சரி, திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பையனாவது முகமது அலியை இழுப்பான். வடசென்னைக்கு அலி சொந்தக்காரர் மாதிரி. 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனவர். அந்தக் கதை இங்கே இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். “மாஸ்டர், அலி மட்டும் கைய கீழ வெச்சிக்கினு ஆடறாரே?” என்பான். அலியின் கால் வேகத்தையும், தலையைப் பின்னுக்கு இழுக்கிற நேரக்கணக்கையும், அவர் கடைசிக் காலத்தில் பட்ட அவதியையும் பற்றி அரை மணி பேசலாம். அது வேண்டாம். “உனக்கு அந்தக் கால் வந்ததும் கைய எறக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பேடைத் தூக்குங்கள்.

உடம்பைச் சொல்வதா, இலக்கைச் சொல்வதா?

சுருக்கமாகச் சொன்னால் மட்டும் போதாது. அந்தச் சுருக்கம் அவன் மனசை எங்கே கொண்டுபோகிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்கு ஆதாரம் பனிச்சறுக்கிலிருந்து வருகிறது. எண்ணூரில் பனிக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். அந்தச் சோதனையிலும் பனி கிடையாது.

கேப்ரியேல் வுல்ஃப் என்ற உடலியக்க ஆய்வாளர் இரண்டு சகாக்களோடு சேர்ந்து 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வளைந்த இரண்டு தண்டவாளம், அதன்மேல் சக்கரம் வைத்த ஒரு பலகை, பலகையை நடுவுக்கு இழுத்துப் பிடிக்கிற ரப்பர் பட்டைகள். மேலே ஏறி நின்று, பனிச்சறுக்குக்காரர் வளைந்து வளைந்து இறங்குவதுபோல இடதும் வலதுமாக எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ தள்ள வேண்டும். ஒரு குழுவிடம், வெளிப்பக்கத்துக் காலால் அழுத்துவதில் கவனம் வையுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம், அந்தக் காலுக்கு நேர் கீழே இருக்கிற சக்கரத்தை அழுத்துவதில் கவனம் வையுங்கள் என்றார்கள். மூன்றாவது குழுவுக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை. காலுக்கும் சக்கரத்துக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. ஆனாலும் சக்கரத்தை நினைத்தவர்கள்தான் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். காலை நினைத்தவர்கள், எந்த யோசனையும் கேட்காதவர்களைவிட ஒன்றும் மேலே போகவில்லை. காலைப் பற்றிச் சொன்ன யோசனை தப்பானது ஒன்றுமில்லை. உடம்பு தானாகச் செய்துகொள்ள வேண்டியதில் மனசு புகுந்து கெடுத்துவிட்டது.

அதன்பிறகு இதையே குத்துச்சண்டையிலும் பார்த்தார்கள். இஸ்ரேல் ஹால்பெரினும் சகாக்களும் செய்த ஆய்வில், கையை வேகமாக நகர்த்து என்று சொன்னபோதைவிட, எதிரே உள்ள இலக்கை வேகமாகவும் பலமாகவும் அடி என்று சொன்னபோது அதே வீரர்களின் குத்து வேகமாகவும் கனமாகவும் விழுந்தது. அதே ஹால்பெரின், ஆஸ்திரேலியாவில் அமெச்சூர் போட்டிகளின் சுற்று இடைவேளையில் கோச்சுகள் பேசியதை அலசி 2016இல் வெளியிட்டார். வென்றவர்களின் மூலையில் உடம்பைப் பற்றிய பேச்சு குறைவாகவும் பாராட்டு அதிகமாகவும் இருந்தது. இதை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். ஜெயிக்கிற பையனைப் பாராட்டுவது யாருக்கும் எளிது. பாராட்டியதால் ஜெயித்தானா, ஜெயித்துக்கொண்டிருந்ததால் பாராட்டினார்களா என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. சக்கரத்துச் சோதனைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கூடத்தில் இதை எப்படிச் செய்வது? “இடுப்ப திருப்பு, தோள தள்ளு, முழங்கைய ஒட்டி வெய்யி” என்பதற்குப் பதில், “பேக்குக்கு அந்தாண்ட இருக்கற செவுத்த குத்து” என்று சொல்லிப் பாருங்கள். இடுப்பும் தோளும் தாமாகத் திரும்புவதைப் பார்ப்பீர்கள். ஜாபைச் சோம்பலாகத் திரும்ப எடுக்கிற பெண்ணிடம் கையைப் பற்றிப் பேசாதீர்கள். “பேட் சூடா இருக்கு, தொட்டுட்டு எடு” என்றால் புரிந்துவிடும். குனிந்து போகச் சொல்லித் தர வேண்டுமா? காசிமேட்டில் வாங்கிய நைலான் கயிற்றை இரண்டு தூணுக்கு நடுவில் அவன் தோள் உயரத்துக்குக் கட்டுங்கள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தலை கயிற்றில் படாமல் முன்னால் போகட்டும். முழங்காலை மடக்கச் சொல்லவே வேண்டாம். மடக்காமல் அந்தக் கயிற்றைத் தாண்ட முடியாது. கால் ஒன்றோடொன்று சிக்குகிறவனுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு கால் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் என்று விடுங்கள்.

கேரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2008இல் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியையும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவையும் தந்த பகுதி இது. கேரமிலும் சுண்டுகிற விரலைக் கவனிக்கச் சொன்னால் புதிதாக ஆடுகிறவனுக்கு விரல் நடுங்கும். காயில் எந்த இடத்தில் பட வேண்டும் என்று காட்டினால் விரல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

போட்டியில் உடம்பை விட்டு இலக்கைச் சொல்வதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992இல் கோல்ஃப் பந்தை வைத்து ஒரு சோதனை செய்தார். விதி விதியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் அழுத்தம் வந்தபோது தடுமாறினார்கள். விதி எதுவும் மனசில் சேராதபடி கற்றவர்கள் தடுமாறவில்லை. பதற்றத்தில் மனசு விதிகளைத் தேட ஆரம்பிக்கும். தேட எதுவும் இல்லாதவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கூட்டம் கத்த, அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, எதிராளி முறைக்க, உங்கள் பையன் மண்டைக்குள் நீங்கள் சொன்ன பதினைந்து விதியும் வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே வாய்

துறைமுகத்தில் வேலை செய்கிற அப்பா, சித்தப்பா யாராவது உங்கள் கூடத்துக்கு வருவார்கள். கிரேனுக்கு யார் சிக்னல் கொடுப்பது என்று அவர்களைக் கேளுங்கள். ஒரு கிரேனுக்கு ஒரு சிக்னல்மேன். ஆபரேட்டர் அவர் கையை மட்டும்தான் பார்ப்பார். கீழே நிற்கிற பத்துப் பேருக்கும் அனுபவம் இருக்கலாம்; பத்துப் பேரும் கையை ஆட்டினால் சுமை எங்கே போய் இறங்கும் என்று சொல்ல முடியாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: நிறுத்து என்ற சிக்னலை யார் கொடுத்தாலும் நிறுத்தியாக வேண்டும்.

மூலைக்கும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் ஒருவர். இன்னொருவர் தண்ணீர், துண்டு, ஐஸ் பார்த்துக்கொள்ளட்டும். அவர் வாயே திறக்கக் கூடாது. கயிற்றுக்கு வெளியிலிருந்து மாமா கத்துவார், பழைய வீரர் கத்துவார், சிநேகிதன் கத்துவான். அவர்களை உங்களால் தடுக்க முடியாது. உங்கள் குரலைத் தவிர வேறு குரலுக்குக் காது கொடுக்காமல் இருக்கப் பையனைப் பழக்கலாம். ஸ்பாரிங் நடக்கும்போது வேண்டுமென்றே நாலு பேரைக் கத்தவிட்டு, நீங்கள் ஒரே வார்த்தை சொல்லுங்கள். ஆனால் “அவனுக்கு என்னமோ மாதிரி இருக்கு, நிறுத்துங்க” என்று தண்ணீர் பிடிக்கிறவர் சொன்னாலும், அவன் அம்மா சொன்னாலும், அங்கே நீங்கள் பெரிய ஆளாக இருக்கக் கூடாது. நிறுத்திவிட வேண்டும்.

சொல்லி முடித்ததும் பையனை ஒருதரம் திருப்பிச் சொல்ல வையுங்கள். “இன்னா பண்ணப் போற?” “போன், மாஸ்டர்.” அவ்வளவுதான், மவுத் கார்டைப் போட்டு அனுப்புங்கள். வேறு ஏதாவது சொன்னான் என்றால் நீங்கள் சொன்னது போய்ச் சேரவில்லை. இன்னும் ஐந்து நொடி இருக்கிறது.

எண்ணூர், மணலிப் பக்கத்துக் கூடங்களில் இப்போது தமிழ் சரளமாக வராத பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு எண்தான் நல்லது. ஜாப் ஒன்று, கிராஸ் இரண்டு, முன்கை ஹூக் மூன்று. “ஒண்ணு ரெண்டு” என்றால் ஒரு வாரத்தில் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது உதவும். வார்த்தை எதுவானாலும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இன்றைக்குப் ‘போன்’, நாளைக்குக் ‘கார்டு’, மறுநாள் ‘தாடை’ என்றால் ஒரே விஷயம் மூன்று விஷயமாகிவிடும்.

திட்டுவது வேறு

நேரடியாகப் பேசுவது என்றால் திட்டுவது என்று நம் பக்கத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது. “எருமை, சோறு துன்றியா இல்லியா?” என்பதில் யோசனை எதுவும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு அவன் கையை எங்கே வைப்பான்? அந்தக் காலத்து வாத்தியார்கள் திட்டித்தான் வளர்த்தார்கள் என்று சொல்வார்கள். திட்டைத் தாங்கி நின்றவர்கள் நம் கண்ணில் படுகிறார்கள். திட்டுக்குப் பயந்து மறுநாளே நின்றுபோனவர்களைக் கணக்கெடுத்தவர் யாருமில்லை. கோபம் வந்தால் குரலை உயர்த்துங்கள், பரவாயில்லை. வாக்கியத்துக்குள் அவன் செய்யக்கூடியது ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவே.

பாராட்டுக்கும் இது பொருந்தும். “சூப்பர்டா” என்பது காற்றில் போகும். “இப்ப போன் எறங்கல, அப்படியே வெய்யி” என்றால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வான்.

எப்போது உட்கார்ந்து பேச வேண்டும்?

எல்லாவற்றையும் இரண்டு வார்த்தையில் முடிக்க முடியாது, முடிக்கவும் கூடாது. தலையில் பட்ட அடி அதில் முதல். தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு, கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு ரிங் முடிந்தது. நாக் அவுட் ஆனவன் அதற்கப்புறம் குறைந்தது 30 நாள் போட்டிக்கும் ஸ்பாரிங்குக்கும் வரக்கூடாது. இதை ஏன், எதற்கு, என்ன ஆகும் என்று பையனுக்கும் அவன் வீட்டுக்கும் பொறுமையாக உட்கார்ந்து சொல்லுங்கள். அப்பா ஷிஃப்ட்டில் இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். ராத்திரி வாந்தி எடுத்தால் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

எடைக் குறைப்பும் அப்படித்தான். “ரெண்டு கிலோ கொற” என்பது நேரடியான பேச்சு, ஆபத்தான பேச்சும்கூட. அதைக் கேட்ட பையன் தண்ணீரை நிறுத்திவிட்டு, மே மாத வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடுவான். சென்னை ஈரக்காற்றில் வியர்வை சரியாக உலராது, உடம்புச் சூடு தணியாது. என்ன சாப்பிடுவது, எத்தனை வாரத்தில், எதைச் செய்யவே கூடாது என்று முழுசாகச் சொல்ல வேண்டிய இடம் இது. வளர்கிற பிள்ளையானால் எடையைக் குறைப்பதைவிட அடுத்த எடைப் பிரிவுக்குப் போகச் சொல்வதே மேல் என்பது என் முடிவு.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஸ்பாரிங்கில் உங்கள் மூலையில் ஒரு போனைச் சாய்த்து வைத்துப் பதிவு பண்ணுங்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டு, ஒரு இடைவேளையில் எத்தனை விஷயம் சொன்னீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அடுத்த சுற்றைப் பார்த்து, அதில் எத்தனையைப் பையன் செய்தான் என்று டிக் போடுங்கள். டிக் விழாதவற்றை அடுத்த வாரம் சொல்லாதீர்கள்.